எழுத்து முந்திற்று, கொடி பிந்திற்று

1912 நவம்பர் 28ஆம் நாள், வுலோரா நகரில் அல்பேனிய விடுதலையை அறிவித்த இசுமாயில் கெமாலிக்கு அன்று அகவை அறுபத்தெட்டு. வாழ்நாளின் பெரும்பகுதியைத் துருக்கிப் பேரரசின் ஆட்சிப் பணியிலேயே கழித்தவர் அவர். 1900இல் சுல்தானுடன் முரண்பட்டு வெளியேறி, 1908இல் நாடாளுமன்ற உறுப்பினராய் மீண்டார். அயலான் அரண்மனையில் ஊழியம் பார்த்தவர் என்று இகழ்வார் இகழட்டும். அங்குக் கற்ற அரசியல் திறமே பின்னர்த் தம் மக்களுக்குக் கைகொடுத்தது.

அல்பேனியர் முசுலிம்கள், மரபுவழிக் கிறித்தவர், கத்தோலிக்கர் எனப் பிரிந்திருந்தனர். பிள்ளைகள் துருக்கியமும் கிரேக்கமும் கற்றனர். தாய்மொழிக்கோ பொதுவான எழுத்தும் இல்லை! 1908 நவம்பரில் மனாசுத்திர் மாநாடு இலத்தீன எழுத்தை ஏற்றது. இளந்துருக்கியரோ அரபு எழுத்தையே திணிக்க முனைந்து, 1910இல் அல்பேனியப் பள்ளிகளை மூடினர். படைகொண்டு ஆள்வோர்க்கு ஓர் அரிச்சுவடியிடம் இத்துணை அச்சமா?

1912இல் துருக்கி போரில் தோற்கவே, அண்டை நாடுகள் அல்பேனிய மண்ணைக் கூறிட நெருங்கின. கெமாலி புக்கரெசுட்டு வழியே வியன்னா சென்று ஆசுத்திரியாவின் துணையைப் பெற்றார். கடல்வழித் தாயகம் அடைந்தார். சமய வேறுபாடின்றிக் கூடிய பேராளர் நடுவே செங்கொடியில் கருங்கழுகு ஏறியது.

1913 சூலை 29இல் இலண்டனில் கூடிய வல்லரசுத் தூதர்கள் தனியரசை ஏற்றனர். ஆனால் கொசோவாவைச் செருபியாவுக்கு விட்டனர். மக்களில் பெரும் பங்கினர் எல்லைக்கு அப்பால் நின்றனர். மன்னராக அவர்கள் அமர்த்திய செருமானிய இளவரசர் வீடு 1914 மார்ச்சில் வந்தார். செப்டம்பரில் நாட்டை விட்டு வெளியேறினார். அதற்கு முன்பே, அவ்வாண்டு சனவரியில், கெமாலி பொறுப்பினின்று விலக வைக்கப்பட்டார். 1919இல் இத்தாலியின் பெருசியா நகரில் மறைந்தார்.