தமுக்கை நிறுத்திச் செய்தி சொல்லுக

ஊர்களில் தண்டோரா போட்ட காலத்தில் அறிவிப்பாளனுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. தெருமுனைக்கு வருவான், தமுக்கை ஓங்கி அடிப்பான், வீட்டிலிருப்போர் வாசலுக்கு வருவர். வந்ததும் கோலை நிறுத்துவான். ஊர் அமைதியான பின்னரே வாய் திறப்பான். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகுதான் தமுக்கு மறுபடியும் ஒலிக்கும். முழக்கம் மக்களை அழைப்பதற்கு. சொல் அவர்களுக்கு அறிவிப்பதற்கு. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் இரண்டும் பயனற்றுப் போகும் என்பதை அந்த எளிய மனிதன் அறிந்திருந்தான். பெரும்பொருள் செலவிட்டு ஒலிக்கூடங்களை அமைத்திருக்கும் இன்றைய தொலைக்காட்சி நிலையங்களோ அதனை அறிந்தனவாகத் தெரியவில்லை.

இன்று தமிழ்ச் செய்தி தொடங்கும் விதத்தைக் கவனித்தால் இது விளங்கும். முதலில் முரசொலி, பிறகு தலைப்புச் செய்திகள். தலைப்புகள் வாசிக்கப்படும்போதும் முரசொலி ஓய்வதில்லை. ஒரு தலைப்புக்கும் அடுத்த தலைப்புக்கும் இடையே அது எகிறிக் குதிக்கிறது. செய்தியாளர் அனுப்பிய தொகுப்பு வந்தால் அதன் அடியிலும் ஓர் இசை ஓடுகிறது. விபத்தென்றால் வயலின் அழுகிறது. அரசியலென்றால் மத்தளம் அதிர்கிறது. வாசிப்பவர் இசையின் வேகத்துக்கு ஈடுகொடுக்க மூச்சுவாங்க ஓடுகிறார். முடிவில் கேட்டவரின் மனத்தில் எஞ்சுவது பரபரப்பு மட்டுமே. என்ன நடந்தது, எங்கே நடந்தது, யாருக்கு என்ன கட்டளை என்று வினவினால் விடை இல்லை.

இக்கேட்டினால் முதலில் துன்புறுவோர் யார்? பகாங் மாநிலத்துக் கேமரன் மலையை நோக்கினால் விடை கிடைக்கும். 1929ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்ற நாள் முதல் அம்மலைச் சரிவுகளைப் பசுமையாக்கியதில் தமிழரின் உழைப்பு பெரும்பங்கு கொண்டது. இன்று கொழுந்து பறிப்போரில் வங்காளதேசத்தாரும் நேபாளத்தாரும் பிற அயல்நாட்டாரும் மிகுந்துள்ளனர் என்றாலும், தோட்டத்துக் குடியிருப்புகளிலும் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் ஆகிய ஊர்களிலும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்துகொண்டுதான் இருக்கின்றன. அக்குடும்பங்களின் முதியோருள், மலாயில் பேசிப் பழகத் தெரிந்தும் அரசாங்க அறிவிப்பின் நடையை முழுமையாக விளங்கிக்கொள்ள இயலாதவர் உண்டு. அவர்களுக்கு உலகம் தமிழ்ச் செய்தியின் வழியேதான் வீட்டுக்குள் வருகிறது. சுங்கை பாலாஸ் தோட்டத்துக்கு மேலே, 2,000 மீட்டருக்கும் உயர்ந்த பிரிஞ்சாங் மலையுச்சியில் தகவல் தொடர்புக் கோபுரம் ஓங்கி நிற்கிறது. கோபுரம் தலைமாட்டில் நின்றும், சொல் காதுக்கு எட்டவில்லை!

அக்காதுகளின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டும் விசிறிகளும் உருட்டும் பொறிகளும் எழுப்பும் இரைச்சலில் ஆண்டுக்கணக்காக நின்றவர்கள் உளர். தேயிலைச் செடியின் மேல் மோட்டார் வெட்டுப்பொறியைத் தூக்கிச் சென்றவர்கள் உளர். மலேசியச் சட்டம் தொழிலிடத்து இரைச்சலுக்கு நாளொன்றுக்கு 85 டெசிபெல் என வரம்பு விதிப்பது காரணமின்றி அன்று. அவ்வாறு தேய்ந்த காதுகளோடு முதுமையும் சேர்கிறது. மலையில் அடிக்கடி மழை. தகரக் கூரையில் அதன் பேரொலி. தட்டையான புதிய தொலைக்காட்சிப் பெட்டிகளிலோ ஒலிபெருக்கி சிறியது. பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ பொருத்தப்பட்டது. ஒலிக்கூடத்து அமைதியில், உயர்ந்த கருவிகளின் துணையோடு ஒலிப்பொறியாளர் கேட்பதும், தோட்டத்து வீட்டில் ஒரு மூதாட்டி கேட்பதும் ஒன்றாகுமா?

ஒலியியல் கூறும் உண்மையும் இதுவே. பேச்சில் உயிரொலிகள் வலிமை மிக்கவை. மெய்யொலிகள் மெல்லியவை, பெரும்பாலும் உயர் அதிர்வெண்களில் அமைந்தவை. ஆயினும் ஒரு சொல்லை மற்றொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுவதில் மெய்யொலிகளின் பங்கே பெரிது. தாழ்ந்த அதிர்வெண் ஒலி ஓங்கி எழும்போது தனக்கு மேலுள்ள உயர் ஒலிகளை மறைத்துவிடும். முரசின் அதிர்வு மெய்யெழுத்துகளை விழுங்குவது இதனாலேயே. முதுமையில் முதற்கண் குறைவதும் உயர் ஒலிகளைக் கேட்கும் ஆற்றல்தான். ஆகவே இளைஞர் ஒருவருக்கு இடையூறாகத் தோன்றாத இசை, அவருடைய பாட்டியாருக்குச் செய்தியையே இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

பிற மொழிகளைக் காட்டிலும் தமிழுக்கு இதனால் விளையும் தீங்கு கூடுதல். தமிழ்த் தொடரின் உயிர் அதன் இறுதியில் இருக்கிறது. ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் வினைக்கு அருகே, தொடரின் நடுவிலேயே வந்துவிடும். தமிழிலோ வினைமுற்று கடைசியில் வரும்; உடன்பாடா எதிர்மறையா என்பது அதன் கடைசி அசையில் தெரியும். ‘அணையின் மதகு இன்றிரவு திறக்கப்படும்’ என்பதற்கும் ‘திறக்கப்படாது’ என்பதற்கும் வேறுபாடு எங்கே? ‘மக்கள் வீடுகளை விட்டு வெளியேற வேண்டும்’ என்பதற்கும் ‘வேண்டியதில்லை’ என்பதற்கும் வேறுபாடு எங்கே? எல்லாம் இறுதியில். செய்தித் தொடர் முடியும்போது வாசிப்பவரின் குரல் இயல்பாகவே தாழும். இசையமைப்போர் அந்த இடத்தில்தான் முரசை உயர்த்துகின்றனர். குரல் இறங்க, இசை ஏற, இரண்டும் குறுக்கிடும் அப்புள்ளியில் வினைமுற்று மாண்டுபோகிறது. வினைமுற்று மாண்டபின் செய்தியில் மிஞ்சுவது என்ன? எண்களின் கதியும் இதுவே. ‘ஐம்பது’, ‘எண்பது’ இவ்விரண்டையும் முரசொலிக்கு நடுவே பிரித்தறிதல் நல்ல செவிக்கே கடினம்.

இது கேட்பவரின் சுவையைப் பற்றிய சிறு வழக்கு என எண்ணுவோர் கேமரன் மலையின் அண்மை வரலாற்றை நினைவுகூர்தல் நன்று. 2013 அக்டோபர் 23ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில், ரிங்லெட் சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர் திறந்துவிடப்பட்டதும் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்றுவெள்ளம் புகுந்து வீடுகளைச் சிதைத்தது, உயிர்களும் பறிபோயின. 2014 நவம்பரில் வெள்ளமும் மண்சரிவும் மீண்டும் அம்மலையைத் தாக்கின. இத்தகைய மண்ணில் வாழ்வோருக்கு எச்சரிக்கைச் செய்தியின் ஒவ்வொரு சொல்லும் உயிர்க் காப்பாகும். வாழ்வுச் செய்திகளும் அவ்வாறே. குறைந்தபட்ச ஊதியம் 2022 மே மாதம் 1,500 வெள்ளியாயிற்று. 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளியாயிற்று. ஐவருக்கும் குறைவானோரை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகளுக்கு மட்டும் அவ்வாண்டு ஆகஸ்ட் வரை தவணை தரப்பட்டது. தொகை எவ்வளவு, எந்த நாள் முதல், எவருக்கு விலக்கு என்னும் மூன்றையும் தெளிவாகக் கேட்டறியாத தொழிலாளி தன் உரிமையை எவ்வாறு கேட்பான்?

இதற்கு மறுமொழியாகச் சிலர், “கேட்கவில்லையென்றால் ஒலியைக் கூட்டிக்கொள்ளட்டுமே” என்பர். கூட்டினால் குரல் மட்டுமா கூடும்? இசையும் உடன் கூடும். சோற்றில் கல் கலந்தவன், இன்னும் ஒரு கவளம் உண்பாயாக என்று உபசரிப்பது போன்றது இவ்வுரை. “ஒளிபரப்பு இலக்க முறைக்கு மாறிவிட்டதே, இனி எல்லாம் தெளிவுதானே” என்பர் வேறு சிலர். 2019 அக்டோபரில் நாடு முழுவதும் பழைய அலைவரிசை முறை நிறுத்தப்பட்டது மெய்தான். படத்தில் புள்ளிகள் மறைந்தன. ஒலியில் இரைச்சல் நீங்கியது. ஆனால் ஒலிக்கூடத்திலேயே ஒன்றாகக் கலந்து அனுப்பப்பட்ட குரலையும் இசையையும் சாதாரணப் பெட்டி எதுவும் வீட்டில் பிரித்துத் தரப்போவதில்லை. “திரையின் அடியில் எழுத்து ஓடுகிறதே” என்பாரும் உண்டு. அடுப்படியில் நின்றுகொண்டு, திரைக்கு முதுகு காட்டிச் செய்தி கேட்கும் பெண்ணுக்கும், கண்புரை விழுந்த முதியவருக்கும் அவ்வெழுத்தால் என்ன பயன்?

“இளைஞர்கள் விறுவிறுப்பை விரும்புகின்றனர், உலகெங்கும் இதுவே வழக்கம்” என்பது இறுதி வாதம். 1999ஆம் ஆண்டில் டேவிட் லோ என்பார் பிபிசி செய்திக்கு அமைத்த தாள இசை புகழ்பெற்றது. தலைப்புச் செய்திகளுக்கு அடியில் தாளம் ஓடுவது உலகெங்கும் காணப்படுகிறது என்பதும் உண்மையே. ஆனால் அதே பிபிசி பிற்காலத்தில் எதனைச் சந்தித்தது என்பதையும் சொல்ல வேண்டுமன்றோ? 2011ஆம் ஆண்டில் பேராசிரியர் பிரையன் காக்ஸ் வழங்கிய அண்டவெளி பற்றிய அறிவியல் தொடரில் இசை பேச்சை மூழ்கடிக்கிறது என்று நூற்றுக்கும் மேற்பட்டோர் முறையிட்டனர். அந்நிறுவனம் அடுத்த பகுதிகளில் இசையின் அளவைக் குறைத்தது. பேச்சுத் தெளிவு குறித்துத் தன் நிகழ்ச்சித் தயாரிப்பாளருக்கு அதே ஆண்டில் வழிகாட்டலும் வெளியிட்டது. பிறர் செய்த பிழையை மட்டும் கடன் வாங்கி, அவர்கள் செய்த திருத்தத்தை விட்டுவிடுவது எவ்வகை அறிவு?

அயலாரிடம் போவானேன்? தமிழர் இசை மரபே இதற்கு வழிகாட்டுகிறது. கச்சேரியில் பாடகர் தாழ்ந்த குரலில் ஒரு சொல்லை இழைக்கும்போது மிருதங்கக் கலைஞர் விரலால் தொட்டுச் செல்வார். தமக்குரிய தனியாவர்த்தனம் வரும்போதுதான் முழங்குவார். பாட்டை மூழ்கடிக்கும் பக்கவாத்தியத்தை எந்தச் சபையும் பாராட்டியதில்லை. பாட்டுக்கே அந்த ஒழுங்கென்றால் செய்திக்கு எத்துணை ஒழுங்கு வேண்டும்! வானொலியும் இதனைப் பேணிற்று. அகில இந்திய வானொலியின் அடையாள இசை நிலையம் விழிக்கும் வேளையில் ஒலிக்கும். செய்தி வாசிக்கப்படும் நேரத்தில் அதற்கு வேலையில்லை. தில்லியிலிருந்து பல்லாண்டுகள் தமிழ்ச் செய்தி வாசித்து, 2022இல் மறைந்த சரோஜ் நாராயணசுவாமியின் குரல் இன்றும் நினைவில் நிற்கக் காரணம், அக்குரலுக்கும் கேட்பவருக்கும் இடையே வேறொன்றும் நில்லாமையே. மலேசியாவில் 1963 டிசம்பர் 28ஆம் நாள் தொலைக்காட்சி பிறப்பதற்கு முன்னர், தோட்டத்து மக்களுக்குச் செவிவழிச் செய்தி தந்தது வானொலிதான். அந்த வானொலியின் நிதானத்தைத் தொலைக்காட்சி கற்றுக்கொள்வதில் இழுக்கொன்றும் இல்லை.

மற்றொரு தீங்கும் உண்டு. செய்தியின் அடியில் ஓடும் இசை, கேட்பவர் அழ வேண்டுமா, சினக்க வேண்டுமா என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. தீர்ப்பை நெஞ்சில் ஏற்றிவிட்டுப் பிறகு சான்றுகளைச் சொல்வது நடுநிலை ஆகாது.

ஆகவே வேண்டப்படுவன நான்கு. செய்திக்கு முன்னும் பின்னும் இசை ஒலிக்கட்டும். வாசிப்பவர் வாய் திறக்கும்போது அது முற்றாக ஓயட்டும். தலைப்புச் செய்திகளுக்கு அடியில் இசை இருந்தே தீர வேண்டுமென்றால், அது பேச்சைவிட 20 டெசிபெலாவது தாழ்ந்திருக்கட்டும். இணைய உள்ளடக்கத்தின் அணுகுதன்மைக்காக 2008இல் வகுக்கப்பட்ட உலகளாவிய நெறி கூறும் அளவு அது. வினைமுற்று முழுதாக ஒலித்து முடியும்வரை முரசு உயரக் கூடாது. வெள்ளம், மண்சரிவு, ஊதியம், நோய், பள்ளிப் பதிவு ஆகிய செய்திகளுக்கு இசையே கூடாது. இவற்றோடு, கலந்து முடித்த ஒலியை ஒலிக்கூடத்துப் பெரிய கருவியில் மட்டும் கேட்டு நிறைவடையாமல், ஒரு சிறிய பெட்டியில், அறுபது வயது கடந்த ஒருவரை அருகிலிருத்திக் கேட்டுப் பார்க்கும் வழக்கமும் வேண்டும். இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை; ஒரு திருகை இடப்புறம் திருப்பும் மனம் இருந்தால் போதும்.

அங்காசாபுரியின் தமிழ்ப் பிரிவினரும் தனியார் நிலையத்தாரும் இதனைச் செய்ய வல்லவரே. செய்யும்வரை தமிழ் அமைப்புகளும் எழுத்தாளரும் பார்வையாளரும் வாளாவிருத்தல் தகாது. மடல் எழுதலாம், கூட்டங்களில் தீர்மானம் இயற்றலாம், விடாது வலியுறுத்தலாம். இந்நாட்டில் தமிழ்ச் செய்திக்கு ஒதுக்கப்படும் நேரமே சிறிது. அச்சிறு நேரத்தையும் முரசுக்கும் வயலினுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, எஞ்சியதைத் தமிழ் என்று சொல்லிக்கொள்வது தமிழுக்குச் செய்யும் தொண்டாகாது.