மலைக்கென்று தனிப் பரீட்சை வேண்டும்

2025ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் விடியற்காலையில், கேதார்நாத்தில் தரிசனம் முடித்த யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு குப்தகாசிக்குத் திரும்பிய ஹெலிகாப்டர் ஒன்று கௌரிகுண்டத்துக்கு அருகே காட்டில் விழுந்து எரிந்ததில், விமானியும் ஒரு சிறு குழந்தையும் உட்பட ஏழு பேர் மாண்டனர். அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன்புதான், மே 8ஆம் நாள், கங்கோத்ரி யாத்திரைக்காகப் பறந்த மற்றொரு ஹெலிகாப்டர் உத்தரகாசி மாவட்டத்தில் விழுந்து ஆறு உயிர்களைக் கொண்டுபோயிருந்தது. 2022 அக்டோபர் 18 அன்று கேதார்நாத்துக்குச் சற்றுக் கீழே கருட் சட்டி என்னும் இடத்தில் ஏழு பேர் இறந்ததும் இதே வகைச் சேவையில்தான். ஒவ்வொரு விபத்தையும் அடுத்து, இயந்திரம் பழையதா, நிறுவனம் பேராசை கொண்டதா, வானிலை சதி செய்ததா என்ற கேள்விகள் சில நாட்கள் உரத்து எழுந்து பின்பு ஓய்ந்துவிடுகின்றன. அந்த விமானி இந்த மலையில், இந்தப் பள்ளத்தாக்கில், இந்தத் தொழிலுக்கென்றே எந்தப் பரீட்சையில் தேறியவர் என்ற கேள்வியோ, எல்லாவற்றுக்கும் முதலாவதாகக் கேட்கப்பட வேண்டியதாக இருந்தும், போதிய அழுத்தத்தோடு கேட்கப்படுவதில்லை.

விமானிக்கு அளிக்கப்படும் உரிமம் எதற்குச் சாட்சி என்பதை முதலில் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். வர்த்தக விமானி உரிமத்துக்கு, பொதுவாக, விமானமாயின் 200 மணி நேரமும் ஹெலிகாப்டராயின் 150 மணி நேரமும் பறந்த அனுபவம் வேண்டும் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்துள்ள குறைந்தபட்ச அளவு. எழுத்துத் தேர்வுகளிலும் பறப்புத் தேர்விலும் தேறி அந்த உரிமத்தைப் பெற்றவர், இயந்திரத்தைப் பத்திரமாக எழுப்பவும் செலுத்தவும் இறக்கவும் அறிந்தவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் வயலுக்கு மேல் பனையுயரத்தில் மருந்து தெளிப்பதும், காட்டுத் தீயின் மீது நீரைக் கொட்டுவதும், கயிற்றில் பாரத்தைத் தொங்கவிட்டு மலையுச்சியில் இறக்குவதும், நடுக்கடலில் எண்ணெய் மேடையின் சிறு தளத்தில் இறங்குவதும், பனிமலைப் பள்ளத்தாக்கில் யாத்திரிகர்களை ஏற்றி இறக்குவதும் ஒரே வித்தையின் பல கிளைகள்போல வெளிப்பார்வைக்குத் தோன்றினும், ஒவ்வொன்றும் தனக்கென்று தனி அபாயமும் தனிச் சாஸ்திரமும் உடையது. நீலகிரியின் கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தை ஏற்றி இறக்கும் பொறுப்பைச் சமவெளியில் மட்டுமே ஓட்டிப் பழகியவரிடம் கொடுக்க எவருக்கும் மனம் வராது. தரையில் நாம் காட்டும் அந்த ஜாக்கிரதை ஆகாயத்தில் மட்டும் தளர்வானேன்?

கேதார்நாத்தின் கதையைச் சற்று அருகிருந்து பார்ப்போம். கோயில் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,583 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே குப்தகாசி சுமார் 1,300 மீட்டரில் இருக்கிறது. கௌரிகுண்டத்திலிருந்து பதினாறு கிலோமீட்டர் மலையேறி நாள் முழுதும் நடப்பவர் கடக்கும் வழியை, ஹெலிகாப்டர் சில நிமிஷங்களில் கடந்து, அந்தச் சிறு பொழுதுக்குள் அடர்ந்த காற்றிலிருந்து மெலிந்த காற்றுக்குள் புகுந்துவிடுகிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதில் பத்தில் ஏழு பங்கு அளவே. வெயில் ஏறினால் அது மேலும் குறையும். மெலிந்த காற்றில் எஞ்சினின் வலு குறைகிறது. சுழலும் இறக்கைகள் பற்றிக்கொள்ளப் போதிய காற்று இல்லாமல் தூக்கும் சக்தி குறைகிறது. இயந்திரத்தின் உடலைத் திசை மாறாமல் பிடித்து நிறுத்தும் வால் விசிறியும் தன் பிடியை ஓரளவு இழக்கிறது. கீழே தாராளமாக இருந்த சக்தியின் கையிருப்பு, மேலே வந்து இறங்குதளத்துக்கு முன் அந்தரத்தில் நிற்கும் கணத்தில் ஏறக்குறையத் தீர்ந்துபோகிறது; அப்போது பின்புறமிருந்து ஒரு காற்று அடித்தாலும், அல்லது ஏற்றிய பாரம் கணக்கிட்டதைவிடச் சிறிது கூடியிருந்தாலும், சமவெளியில் கைகொடுக்கும் உபாயம் அங்கே கைகொடுப்பதில்லை.

ஆகவே மலை விமானி தளத்தை நெருங்குவதற்கு முன்பே, இந்த உயரத்தில், இந்த வெப்பத்தில், இந்தப் பாரத்தோடு எனக்கு எவ்வளவு சக்தி மிச்சம் என்று கணக்கிட்டுச் சோதித்தறிய வேண்டும். காற்று எந்தச் சரிவில் ஏறுகிறது, எந்த முகட்டுக்குப் பின்னால் சுழன்று கீழே அழுத்துகிறது என்பதைப் புல்லின் அசைவிலும் கொடியின் படபடப்பிலும் மேகத்தின் நகர்விலும் படிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இறங்க முடியாதென்று தோன்றினால் எந்தப் பக்கம் விலகித் தப்புவது என்ற வழியை இறங்கத் தொடங்கும் முன்பே நிச்சயித்துக்கொள்ள வேண்டும். இவற்றுள் ஒன்றும் புத்தகத்தைப் படித்து வருவதல்ல. மலையறிந்த ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து பலமுறை செய்வித்து, பிறகு வேறொருவர் பரீட்சித்து உறுதி செய்தால்தான் கைவரும்.

இவ்வளவும் கண்ணுக்கு வழி தெரியும் நாளின் கதை. மலையில் மிகப் பெரிய எதிரி மேகம். அதனுள் தெரியாமல் புகுந்துவிட்ட விமானியை முதலில் ஏமாற்றுவது அவருடைய சொந்தச் செவியே. உட்செவியில் உள்ள நீரின் அசைவைக்கொண்டு நாம் சாய்வையும் திருப்பத்தையும் உணர்கிறோம். வெளியுலகம் மறைந்து, மெல்லிய திருப்பம் ஒன்று சிறிது நேரம் தொடர்ந்தால், அந்த உணர்வு அடங்கி, சாய்ந்துகொண்டே போகும் இயந்திரம் நேராகப் போவதாகவே மனம் நம்பிவிடுகிறது. 1954இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பயிலாத இருபது பேரை, வெளிப்பார்வையை மறைத்து, ஆசிரியர் உடனிருக்க விமானம் ஓட்டச் செய்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு எடுத்த நேரம் சராசரியாக 178 விநாடிகள். மூன்று நிமிஷம்கூட முழுமையாக இல்லை.

இதைத் தமிழ்நாட்டாருக்கு விளக்க வேண்டிய அவசியமில்லை. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் புறப்பட்ட விமானப்படையின் ஹெலிகாப்டர் குன்னூருக்கு அருகே விழுந்து, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட பதினான்கு பேரை நாம் இழந்தோம். இயந்திரக் கோளாறோ நாசவேலையோ அன்று என்று ஒதுக்கிய முப்படை விசாரணைக் குழு, பள்ளத்தாக்கின் வானிலை எதிர்பாராது மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்தது, விமானிக்குத் திசையுணர்வு தடுமாறியது, அதனால் கட்டுப்பாட்டில் இருந்தபடியே அது நிலத்தில் மோதியது என்று தன் முதற்கட்ட முடிவில் சொல்லிற்று. இரட்டை எஞ்சின் பூண்ட பலமான இயந்திரம், தேர்ந்த விமானப்படை விமானிகள் என்ற இரண்டும் இருந்த இடத்திலேயே மேகம் வென்றதென்றால், ஒற்றை எஞ்சின் இயந்திரத்தில் தனியொரு விமானி நாளைக்குப் பலமுறை சென்று திரும்பும் பள்ளத்தாக்கில் எத்தகைய தயாரிப்பு வேண்டும் என்பதை யாரும் ஊகித்துக்கொள்ளலாம்.

மலைப்பகுதியில் பறப்பதற்கு முன் அனுபவமும் பயிற்சியும் வேண்டும் என்ற விதிகள் நம் நாட்டில் இல்லாமல் இல்லை. என் குறை, அனுபவத்தை மணிக்கணக்கால் அளப்பதோடு நாம் நிறைவடைந்துவிடுகிறோம் என்பதே. மணி நேரம் பழக்கத்தைக் காட்டும், தகுதியைக் காட்டாது. நல்ல நாட்களில் மட்டும் நூறு மணி நேரம் பறந்தவரும், கெட்ட நாட்களைக் கண்டு தக்க தருணத்தில் திரும்பிய நூறு மணி நேரக்காரரும் பதிவேட்டில் ஒரே எண்ணாகவே தெரிவர். மேலும் கேதார்நாத் யாத்திரை ஆண்டு முழுதும் நடப்பதன்று. வசந்தத்தில் நடை திறந்து தீபாவளியை ஒட்டி அடைக்கப்படும். நடுவில் மழைக்காலம் வேறு. பல மாதங்கள் அந்தப் பள்ளத்தாக்கைக் காணாத கை, பருவம் தொடங்கிய முதல் நாளே முழு வேகத்தில் வேலைக்கு இறங்குவது எந்த வித்தைக்கும் பொருந்தாது.

ஆகவே என் கோரிக்கைகள் நான்கு. முதலாவது, உயர்மலைச் சேவையில் ஈடுபடும் ஒவ்வொரு விமானிக்கும் அந்தச் சேவைக்கென்றே தனித் தகுதிக் குறிப்பு ஒன்று உரிமத்தில் பதியப்பட வேண்டும். அது எந்தப் பள்ளத்தாக்குக்கு, எந்த வகை இயந்திரத்துக்கு என்பதும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். இரண்டாவது, தவறி மேகத்துள் புகுந்துவிட்டால் செவியை நம்பாது கருவிகளை நம்பி மீளும் அப்பியாசம், பறப்பை அப்படியே பாவனை செய்து காட்டும் சிமுலேட்டரில் கட்டாயமாக்கப்பட வேண்டும். உயிருக்கு அபாயமின்றி அதைப் பழக அதைவிடச் சிறந்த இடம் இல்லை. மூன்றாவது, ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் பயணிகள் இல்லாத இயந்திரத்தில் அதே வழியில் மறுபரீட்சை நடக்க வேண்டும். அதை நடத்தும் பரிசோதகர், விமானிக்குச் சம்பளம் கொடுக்கும் நிறுவனத்தைச் சேராதவராக இருக்க வேண்டும்.

நான்காவதை நான் மற்ற மூன்றினும் பெரிதாகக் கருதுகிறேன்: திரும்பிவரும் முடிவைப் பரீட்சையின் ஒரு பாடமாக்க வேண்டும். இயந்திரத்தை நுட்பமாகக் கையாளுவதற்கு மதிப்பெண் கொடுக்கும் பரிசோதகர், மேகம் இறங்கி வரும் பாவனையில், கீழே நூறு பேர் காத்திருக்கும் நிலையில், இன்னும் நான்கு நிமிஷம் போனால் தளம் வந்துவிடும் என்ற ஆசை எழும் இடத்தில், விமானி எந்தக் கணத்தில் திருப்புகிறார் என்பதற்கும் மதிப்பெண் கொடுக்க வேண்டும். தாமதமாகத் திருப்பியவரைத் தேறாதவர் என்றே எழுத வேண்டும். ஜூன் 15 விபத்தைப் பற்றிய தொடக்கநிலைத் தகவல், பள்ளத்தாக்கின் வாயிலில் மேகமும் மங்கிய பார்வையும் இருந்தும் ஹெலிகாப்டர் பறந்ததாகக் கூறிற்று. அதே காலையில் அதே வானிலையில் பறந்த வேறு இரு விமானிகளின் உரிமங்கள் ஆறு மாதங்களுக்கு நிறுத்திவைக்கப்பட்டன என்ற செய்தியை நான் மிகுந்த கவலையோடு படித்தேன். தவறிய முடிவு ஒரு தனி மனிதருடையது அன்று, அந்தப் பள்ளத்தாக்கின் பழக்கமே அது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. தண்டனை நியாயமானதே; ஆனால் பழக்கத்தை மாற்றுவது பயிற்சியும் பரீட்சையும்தான். அதனோடு, ஒரு நாளில் எத்தனை நடை போனார் என்பதோடு விமானியின் வருமானமும் வேலை நிலைப்பும் எவ்வகையிலும் பிணைக்கப்படலாகாது. இன்று பறக்க முடியாது என்று சொன்னவரை நிறுவனம் விளக்கம் கேட்கலாகாது என்பதும் விதியாக வேண்டும்.

இதற்கெல்லாம் செலவாகும், விமானிகள் போதாமல் போவார்கள், நடந்து ஏற முடியாத முதியோர் தரிசனம் இழப்பார்கள் என்று சொல்லப்படும். செலவாகும் என்பது உண்மை. அது பயணச்சீட்டில் ஏறட்டும். தகுதியுள்ள விமானிகள் எத்தனை பேரோ அத்தனை நடைகளே நடக்கட்டும். இமயத்தின் மற்றொரு மூலையில் பூடானின் பாரோ விமான நிலையத்தைப் பாருங்கள்: மலைகளுக்கிடையே வளைந்து இறங்க வேண்டிய அவ்விடத்தில், அதற்கென்றே பயின்று தகுதி பெற்ற மிகச் சில விமானிகளுக்கு மட்டுமே அனுமதி உண்டு, சேவையும் பகல் வெளிச்சத்தில், வெளிப்பார்வை தெளிவாக உள்ளபோது மட்டும். அதனால் அந்நாட்டுக்குச் செல்வோர் குறைப்பட்டதில்லை. ராணுவத்தில் பல ஆண்டுகள் பறந்தவர்கள்தாமே நம் மலைச் சேவைகளுக்கு வருகிறார்கள் என்ற வாதமும் உண்டு. அவர்களுடைய திறமையை நான் வணங்குகிறேன். ஆனால் படையில் உடன் அமர்ந்த இரண்டாம் விமானியும், வானிலையைக் கணித்துச் சொன்ன அதிகாரியும், புறப்பாட்டைத் தடுக்க வல்ல மேலதிகாரியும் தனியார் சேவையில் அவருடன் வருவதில்லை என்பதால், அவருக்கும் இந்தப் பரீட்சை வேண்டியதே.

அடுத்த யாத்திரைப் பருவத்துக்கு நடை திறக்கும் முன்பே, சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் இந்தத் தனித் தகுதியை வரையறுத்து, அதைப் பெற்ற விமானிகள் எத்தனை பேர் என்பதை நிறுவனவாரியாக வெளியிட்டு, தகுதி இல்லாதவரைப் பணிக்கு அமர்த்தும் நிறுவனத்தின் அனுமதியை அந்தப் பருவம் முழுதும் ரத்து செய்ய வேண்டும். பயணச்சீட்டு வாங்கும் யாத்திரிகருக்கும் ஒரு கடமை உண்டு: மேகம் கண்டு விமானி மறுத்தால் அவரோடு வாதிடாமல் காத்திருப்பது. இறைவனைக் காணச் செல்பவரை உயிரோடு வீடு சேர்ப்பது அரசின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை வானிலையின் கருணைக்கு விட்டுவைக்க நமக்கு உரிமை இல்லை.