பொட்டி உறுமுதா பாஸ்? எஸ்.எம்.பி.எஸ். பக்கம் காதை வைங்க!



ராத்திரி பதினோரு மணி. வீட்டில் எல்லோரும் தூங்கியாச்சு. நீங்கள் மட்டும் ப்ராஜக்ட் ரிப்போர்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கிறீர்கள். மேஜைக்கு அடியிலிருந்து 'ஊஊய்ங்ங்' என்று ஒரு சத்தம். உள்ளறையிலிருந்து அம்மா குரல்: "டேய், ரைஸ்மில்லு மாதிரி ஓடுதே... அதை நிறுத்திட்டுப் படுடா!"

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை பக்கம் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பல வீடுகளில் இந்தக் கதை உண்டு. சத்தம்தானே என்று விட்டுவிடாதீர்கள். உறுமுவது எஸ்.எம்.பி.எஸ். என்றால், அது மண்டையைப் போடப் போகிறது என்று முன்கூட்டியே சொல்வதாகக்கூட இருக்கலாம். அது போகும்போது சில சமயம் தனியாகப் போகாது. மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடும். அப்பா குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு வந்த காசில் வாங்கின சிஸ்டம், அதற்குள் உங்கள் மூன்று வருஷ நோட்ஸ், அக்கா கல்யாண போட்டோ... எல்லாம் அந்த ஒரு டப்பாவை நம்பித்தான் இருக்கிறது. புதுசு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? அதுதான் இந்த வார மேட்டர்.

முதலில் குற்றவாளி யார்?

கேபினெட்டுக்குள் ஃபேன் ஒன்று இல்லை. மூன்று நாலு இருக்கும். பழைய பேப்பரைக் குழாய் மாதிரி சுருட்டி ஒரு முனையைக் காதில் வையுங்கள். மறுமுனையைப் பின்பக்கம், பவர் கார்டு சொருகும் இடத்துக்கு அருகில் காட்டுங்கள். சத்தம் அங்கே அதிகமா? அப்போ எஸ்.எம்.பி.எஸ்.தான். ப்ராசஸர் ஃபேனில் தூசி அடைத்திருந்தாலும் இதே மாதிரி கத்தும். அதைத் துடைத்தாலே போதும், காசு மிச்சம்.

கருகின வாசனை வருகிறதா? கேம் ஓபன் பண்ணினதும் தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா? பயாஸில் 12 வோல்ட் என்று இருக்க வேண்டிய இடம் 11.4-க்குக் கீழேயோ 12.6-க்கு மேலேயோ காட்டுகிறதா? இதில் எது இருந்தாலும் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. முதல் வேலை, முக்கியமான ஃபைல்களை பென் டிரைவில் ஏற்றுங்கள்!

ஒரு எச்சரிக்கை: எஸ்.எம்.பி.எஸ். டப்பாவைக் கழற்றாதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில், பிளக்கைப் பிடுங்கின பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். ஸ்க்ரூ டிரைவர் வீரத்தை அங்கே காட்ட வேண்டாம், பாஸ்.

ஃபேன் ஏன் கத்துது?

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஃபேனுக்கு நம் மேல் கோபம் இல்லை. உள்ளே சூடு, அவ்வளவுதான்.

கணக்குப் போடுவோம். உங்கள் கம்ப்யூட்டருக்கு 90 வாட் தேவை என்று வையுங்கள். 70 சதவீதத் திறன் உள்ள மட்டமான எஸ்.எம்.பி.எஸ்., சுவரிலிருந்து சுமார் 129 வாட் இழுக்கும். பாக்கி 39 வாட்? டப்பாவுக்குள்ளேயே சூடாக நிற்கும். ரேடியோ ரிப்பேர்க் கடையில் இருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன் ஒன்றரையை உள்ளே பூட்டி வைத்த மாதிரி! அதை வெளியே தள்ளத்தான் ஃபேன் உயிரைக் கொடுத்துச் சுத்துகிறது.

இதே 90 வாட்டை '80 பிளஸ்' முத்திரை வாங்கின 450 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸிடம் கேளுங்கள். அதன் சக்தியில் இது 20 சதவீதம். இந்த லோடில் பிரான்ஸ் ரகம் குறைந்தது 82 சதவீதம், கோல்ட் ரகம் குறைந்தது 87 சதவீதம் திறன் காட்டியாக வேண்டும். அப்படியானால் வீணாகும் சூடு பிரான்ஸில் 20 வாட், கோல்டில் 13 வாட்தான். சூடு குறைந்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றும். சத்தம் அடங்கும்.

இன்னொரு லாபமும் உண்டு. உள்ளே இருக்கும் கெபாசிட்டரின் ஆயுள், சூடு 10 டிகிரி குறைந்தால் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸ்காரர்களின் கணக்கு. அதாவது அமைதியும் ஆயுளும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. 'சத்தம் போடாதது வேணுமா, ரொம்ப நாள் உழைக்கறது வேணுமா?' என்று யாராவது கேட்டால், 'ரெண்டும் ஒண்ணுதாண்ணே' என்று சொல்லலாம்.

இது பழைய கனவுதான். 1977-ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டர் செய்தபோது, அதில் ஃபேனே இருக்கக் கூடாது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் பிடிவாதம் பிடித்தார். ராட் ஹோல்ட் என்ற இன்ஜினீயர், கனமான டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதிலாக 'ஸ்விட்சிங்' முறையில் சூடு குறைவான பவர் சப்ளையைச் செய்து கொடுத்தார். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இருக்கும் 'எஸ்' அந்த ஸ்விட்சிங்தான்!

நம்ம ஊரு கரண்ட் இருக்கே...

80 பிளஸ் சோதனை நடப்பது சுமார் 23 டிகிரி ரூமில். மே மாதத் தஞ்சாவூரில் அந்த 23 டிகிரிக்கு எங்கே போவது? ஆகவே பெட்டியில் '40 டிகிரியில் முழு வாட்ஸ்' அல்லது '50 டிகிரியில் முழு வாட்ஸ்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 25 டிகிரி என்று போட்டிருந்தால், அது நம்ம ஊருக்கு ஏற்ற கணக்கு இல்லை.

அடுத்தது வோல்டேஜ். 230 வோல்ட், அதில் கூடக்குறைய 6 சதவீதம், அதாவது 216-லிருந்து 244 வரை என்பது விதி. கிராமத்தில் நிலைமை வேறு. ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் வீடும் இருக்கும், வயல் மோட்டாரும் இருக்கும். 2024-ல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-ல் திறக்காமல் ஜூலை 28-ல்தான் திறந்தது. அந்த மாதிரி வருஷத்தில் குறுவை போடுகிறவர்களுக்கு போர் மோட்டார்தான் கதி. மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், வீட்டில் டியூப் லைட் கண் சிமிட்டும், கம்ப்யூட்டர் படுத்துவிடும்.

ஏன் படுக்கிறது? பழைய ரக எஸ்.எம்.பி.எஸ்.ஸில், 230 வோல்ட் வந்தால் உள்ளே கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் சேரும். வெளியே 170-க்கு இறங்கினால் உள்ளே 240-தான். கையிருப்பு குறைவு, அதனால் சின்ன வெட்டைக்கூடத் தாங்காது. 'ஆக்டிவ் பி.எஃப்.சி.' என்ற வசதி உள்ளதில் கதையே வேறு. வெளியே 180 வந்தாலும் 240 வந்தாலும், உள்ளே 380 வோல்ட் பக்கமாக ஏற்றி வைத்துக்கொள்ளும். டப்பாவில் '100-240 வோல்ட்' என்று இருந்தால் நமக்குத் தோது. '200-240' என்று மட்டும் இருந்தால், டவுனுக்கு ஓகே, வயலோர வீட்டுக்கு யோசிக்கணும். பின்னால் 115/230 என்று சின்ன சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் அது பழைய ரகம். சும்மா இருக்கிற தம்பி அதை 115 பக்கம் தள்ளிவிட்டு ஆன் பண்ணினால், வீட்டில் தீபாவளிதான்!

இன்வெர்ட்டர் இருக்கா?

2012-ல் நம்ம பக்கம் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் போனது ஞாபகம் இருக்கிறதா? நிறைய வீட்டில் இன்வெர்ட்டர் குடிவந்தது அப்போதுதான். கரண்ட் போனதும் நல்ல எஸ்.எம்.பி.எஸ். முழு லோடில் சுமார் 16 மில்லி செகண்ட்தான் மூச்சைப் பிடிக்கும். அதற்குள் இன்வெர்ட்டர் கைகொடுக்க வேண்டும். நிறைய இன்வெர்ட்டரில் 'யு.பி.எஸ். மோட்' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதைப் போட்டு வைத்தால் வேகமாக மாறும். நார்மல் மோடில் தாமதம், சிஸ்டம் ரீஸ்டார்ட். இன்வெர்ட்டர் 'சைன் வேவ்' ரகமாக இருப்பது நல்லது. சதுர அலை தருகிற மலிவு இன்வெர்ட்டரோடு ஆக்டிவ் பி.எஃப்.சி. சில சமயம் ஒத்துப்போகாமல் முரண்டு பிடிக்கும்.

ஸ்டிக்கரைப் பார்த்து மயங்காதே!

கடைக்கார அண்ணன் சொல்வார்: "தம்பி, 500 வாட்ஸ். எட்டு நூறு ரூவாதான். கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போ!"

கண்ணை மூடாதீர்கள். பக்கவாட்டில் ஒரு கட்டம் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதில் '+12V' என்ற இடத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12-ஆல் பெருக்குங்கள். 14 ஆம்பியர் என்றால் 168 வாட். இன்றைய கம்ப்யூட்டர் சாப்பிடுவதில் பெரும்பகுதி இந்த 12 வோல்ட்டில்தான். அப்போ பெரிய எழுத்தில் போட்ட 500? அது கல்யாண மண்டபத்து வரவேற்பு போர்டு மாதிரி! உண்மையான 450 வாட் என்றால் 12 வோல்ட்டில் 35 ஆம்பியருக்கு மேல் இருக்கும்.

உங்களுக்கு எவ்வளவு வேண்டும்? தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் டைப்பிங், கோடிங், படம் பார்ப்பது என்றால், முழு வேகத்தில் ஓடினாலும் பெரும்பாலும் 150 வாட்டுக்குள் அடங்கிவிடும். நல்ல 450 வாட் தாராளம். கேமுக்காக 170 வாட் கார்டு போட்டால் 550 போதும். '750 வாங்கு மச்சி, ஃப்யூச்சருக்கு ஆகும்' என்கிற நண்பனை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கடையில் கேட்க வேண்டியவை:

* மாடல் பெயர் என்ன? கோர்செய்ர், கூலர் மாஸ்டர், டீப்கூல், ஆன்டெக், சீசோனிக் என்று பிராண்டை மட்டும் பார்த்துப் பயனில்லை. ஒரே கம்பெனியில் சாதா ரகமும் இருக்கும், உசத்தி ரகமும் இருக்கும்.

* வாரண்டி எத்தனை வருஷம்? கம்பெனியே ஒரு வருஷத்துக்கு மேல் நம்பாத பொருளை நாம் ஏன் நம்ப வேண்டும்? மூன்றிலிருந்து ஐந்து வருஷம் உள்ளதாகப் பாருங்கள். பழுதானால் கடையிலேயே கொடுக்கலாமா, திருச்சி, சென்னை என்று அனுப்ப வேண்டுமா என்பதையும் பில் போடும் முன் கேளுங்கள்.

* கெபாசிட்டர் 105 டிகிரி ரகமா? 85 டிகிரி ரகம் நம்ம வெயிலுக்கு லாயக்கில்லை.

* ஃபேன் எவ்வளவு பெரியது? 80 மில்லிமீட்டரை விட 120 மில்லிமீட்டர் ஃபேன், மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தள்ளும்.

* சத்தத்துக்கு ஏதாவது சான்று உண்டா? 80 பிளஸ் சத்தத்தை அளப்பதில்லை. 'சைபெனெடிக்ஸ்' என்ற ஆய்வகம் அளந்து கிரேடு தருகிறது. அதில் 'ஏ' என்றால் 25 டெசிபலுக்குள், 'ஏ பிளஸ்' என்றால் 20-க்குள்.

* நம்ம போர்டுக்குப் பொருந்துமா? சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கின கம்பெனி சிஸ்டமாக இருந்தால், சிலவற்றில் கனெக்டரும் சைஸும் தனி ரகம். பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். கழற்றி மாட்டும் ஒயர் உள்ள மாடலில் பழைய ஒயரைப் புதுசில் சொருகவே கூடாது. பின் மாறி எல்லாம் கருகிவிடும்.

எல்லாம் பார்த்தால் மூவாயிரம் ரூபாயை ஒட்டி ஆகலாம். எட்டு நூறு எங்கே, மூவாயிரம் எங்கே என்று வயிறு எரியும்தான். ஆனால் எட்டு நூறு ரூபாய் டப்பா பாதியில் போய் மதர்போர்டையும் எடுத்துக்கொண்டால், எது மலிவு?

வாங்கிட்டா மட்டும் போதுமா?

கேபினெட்டைத் தொட்டால் 'சுர்'ரென்று இழுக்கிறதா? எஸ்.எம்.பி.எஸ். மேல் பழி போடாதீர்கள். மூன்று பின் சாக்கெட்டில் எர்த் ஒயர் வேலை செய்யவில்லை. எர்த் இல்லாவிட்டால், எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர் வழியாகக் கசியும் கரண்ட் கேபினெட்டில் நிற்கும். எவ்வளவு நல்ல எஸ்.எம்.பி.எஸ். வாங்கினாலும் இது தீராது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். சர்ஜ் ப்ரொடெக்டர் முழுசாகக் காப்பாற்றவும் எர்த் வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் என்றால் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது; பிளக்கையே பிடுங்குங்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபோது, டெல்டாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. இந்த மாதிரி நேரத்தில் நியூட்ரல் ஒயர் அறுந்தால் வீட்டுக்குள் 230-க்குப் பதில் 300, 400 வோல்ட்கூட வரலாம். அதை எந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸும் தாங்காது. ஆகவே புயலுக்குப் பிறகு கரண்ட் வந்ததும் ஓடிப்போய் ஆன் பண்ணாதீர்கள். முதலில் ஒரு பல்பைப் போட்டு, வெளிச்சம் வழக்கம் போல நிதானமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அறுவடை நேரத்து உமித்தூசி, சம்பா சீசனில் லைட்டைத் தேடி வரும் பச்சைப் பூச்சி, அதைத் தேடி வரும் பல்லி... எல்லாருக்கும் பிடித்த வீடு நம்ம கேபினெட்தான். தரையில் வைக்காமல் ஒரு பலகை மேல் தூக்கி வையுங்கள். பின்பக்கம் சுவருக்கும் கேபினெட்டுக்கும் நடுவே அரை அடி இடைவெளி விடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காற்று வரும் ஓட்டைகளைப் பிரஷ்ஷால் துடையுங்கள். காசில்லாத வேலை. ஆனால் மூவாயிரம் ரூபாய்ப் பொருளின் ஆயுள் இதில்தான் இருக்கிறது.

சரி மக்களே, இந்த வாரம் மேஜைக்கு அடியில் குனிந்து அந்த ஸ்டிக்கரைப் படித்து, 12-ஆல் பெருக்கிப் பாருங்கள். விடை வயிற்றைக் கலக்கினால், பேக்கப் எடுத்துவிட்டு நேராகக் கடைக்குக் கிளம்புங்கள். அடுத்த வாரம் இன்னொரு டப்பாவோடு சந்திப்போம். வரட்டா!