பாட்டியின் குரலும் ஒரு ‘டக் டக்’ சத்தமும்

வானொலியில் வேலை செய்யும் எனக்கு, குரலைக் கேட்டே ஆளைச் சொல்லத் தெரியும். கணினியின் சத்தத்தைக் கேட்டுக் கோளாறைச் சொல்லத் தெரியவில்லை. அதனால் நான் இழந்தது பதினாறு நிமிடம்.

ஊடகத்துறை படித்த காலத்தில் ஒரு பாடப்பணிக்காகப் பாட்டியைப் பேச வைத்துப் பதிவு செய்தேன். விடியுமுன் பெரட்டுக்கு ஓடியது, என் அம்மாவை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்வெட்டுக்குப் போனது என்று 47 நிமிடம் பேசினார். பாட்டி போய் மூன்று வருடம். திதியன்று அந்தக் குரலைக் கேட்க வேண்டும் என்றார் பெரியம்மா. பழைய மடிக்கணினியைப் போட்டேன். திரையில் ஒன்றும் வரவில்லை. உள்ளிருந்து டக்... டக்... டக்.

பதற்றத்தில் அணைத்து அணைத்து ஐந்து முறை போட்டுப் பார்த்தேன். அதுதான் முட்டாள்தனம். ஹார்ட் டிஸ்கைப் பையில் சுற்றி ஐஸ் பெட்டியில் வைக்கச் சொல்லிப் புலனத்தில் ஒரு யோசனை வேறு வந்தது. நல்லவேளை, அதை மட்டும் செய்யவில்லை. வெளியே எடுத்ததும் ஈரம் படிந்து, இருப்பதும் போயிருக்கும்.

முதலில் போன கடையில், மூடியைக்கூடத் திறக்காமல், “போர்டு போச்சு, 450 வெள்ளி. போர்மட் பண்ணித் தருகிறோம்” என்றார்கள். போர்மட் செய்தால் பாட்டி எங்கே? மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிரிக்பீல்ட்ஸ் சந்து ஒன்றில் இருக்கும் சீன அங்கிள் விலையே பேசவில்லை. கீழே போட்டாயா, எப்போதிலிருந்து சத்தம், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒரே ஒரு முறை போட்டுக் காதை வைத்துக் கேட்டவர், உடனே அணைத்துவிட்டு, “ஜாங்ஙான் ஓன் லாகி” என்றார். இனிமேல் போடாதே!

பழைய வகை ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழலும். மயிரிழையைவிடக் குறைந்த இடைவெளியில் அதன்மேல் ஒரு முனை மிதந்து படிக்கும். இடம் தெரியாமல் அந்த முனை திரும்பத் திரும்பத் தேடும் சத்தம்தான் அது. ஒவ்வொரு முறை போடும்போதும் தட்டில் கீறல் விழலாம். நான் போட்டது ஐந்து முறை.

எல்லாக் கோளாறும் இவ்வளவு மோசமல்ல. விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கருப்பு என்றால், எச்டிஎம்ஐ கம்பியால் தொலைக்காட்சியோடு இணைத்துப் பாருங்கள். அங்கே படம் வந்தால் கோளாறு திரைப் பக்கம்தான். போர்டை மாற்றச் சொன்னால் யோசியுங்கள். கணினி திடீரென்று மந்தமானால் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். மஞ்சள் நிறம் காட்டினால் அன்றே நகல் எடுங்கள். பிழைச்செய்தி வந்தால் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக் கடைக்குக் கொண்டு போங்கள். “என்னமோ ஆச்சு” என்று போனால், சொல்கிற விலையைக் கொடுக்க வேண்டியதுதான்.

கடைக்காரர் கேள்வி கேட்கிறாரா என்று பாருங்கள். விலையை எழுதி வாங்குங்கள், கழற்றிய பொருளைத் திருப்பிக் கேளுங்கள். ஏமாந்துவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்கு வழக்கறிஞர் இல்லாமலே போகலாம். ரசீது மட்டும் வேண்டும். நம்மவர்கள் தொலைப்பதும் அதைத்தான்.

அங்கிள் இரண்டு நாள் வைத்திருந்து, படிக்க முடிந்ததை வேறு டிஸ்க்கில் நகலெடுத்தார். 180 வெள்ளி. 31 நிமிடம் பாட்டி தெளிவாகப் பேசுகிறார். பிறகு வெறும் மௌனம். வானொலியில் நாங்கள் மிகவும் அஞ்சுவது அந்த மௌனத்துக்குத்தான்.

திதியன்று பெரியம்மா அந்தப் பதினாறு நிமிடத்தையும் நிறுத்த விடவில்லை. தலைகுனிந்து உட்கார்ந்து, கடைசிவரை கேட்டார்.