நாற்பது ஆனால்தான் வெயிலா?

மே மாதத்தில் நாகபுரியின் பகல் வெப்பம் சராசரியாக 42 டிகிரியைத் தாண்டுகிறது. அதே மாதம் மும்பையில் 33, 34 டிகிரிதான். இரண்டும் ஒரே மாநிலத்து ஊர்கள். இந்தக் கணக்கை மட்டும் பார்ப்பவர்கள் மும்பைவாசிகளைப் பாக்கியசாலிகள் என்று எண்ணுவதில் வியப்பில்லை. தாராவியில் தகரக் கூரையின் கீழ் தையல் மிஷின் மிதிப்பவரைக் கேட்டால் வேறு பதில் கிடைக்கும்.

கடற்காற்று வெப்பத்தை ஏறவிடாமல் தடுக்கிறது என்பது உண்மை. ஆனால் அதுவே ஈரத்தையும் சுமந்து வருகிறது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். மும்பையில் வியர்வை வழிகிறதே தவிரக் காய்வதில்லை. நாகபுரியிலோ அது உடனே காய்ந்துவிடுவதால், உடம்பிலிருந்து போகும் தண்ணீர் கண்ணுக்கே தெரிவதில்லை. முன்னதில் புழுக்கம் வதைக்கிறது. பின்னதில் நாவறட்சி தெரிவதற்குள் மயக்கம் வந்துவிடுகிறது.

இந்த வேற்றுமையை வானிலைத் துறையும் ஒப்புக்கொண்டிருக்கிறது. வெப்ப அலை என்று அறிவிப்பதற்குச் சமவெளியில் 40, கடற்கரையில் 37, மலைப்பகுதியில் 30 டிகிரி என்று தனித்தனி அளவு வைத்திருக்கிறது. வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்கிறதா என்றும் பார்க்கிறது. ஆனால் இவையெல்லாம் காற்றோட்டமுள்ள மரப்பெட்டிக்குள், நிழலில் வைத்த கருவி காட்டும் கணக்கு. கான்கிரீட் தளத்தில் சட்டி சுமப்பவரின் தலைமேல் எந்தக் கருவியும் இல்லை.

2023 ஏப்ரல் 16 அன்று நவி மும்பையின் கார்கரில் திறந்த வெளியில் நடந்த அரசு விழாவை யாரும் மறந்திருக்க முடியாது. பல மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தவர்களில் 14 பேர் மாண்டனர். அன்று அந்தப் பகுதியில் வெப்பம் சுமார் 38 டிகிரி. நாகபுரிக்காரர் அதைக் கோடையின் தொடக்கம் என்றுதான் சொல்வார்.

ஆகவே "இன்னும் நாற்பது ஆகவில்லையே" என்று ஒப்பந்தக்காரர்கள் சொல்வதை அதிகாரிகள் ஏற்கக் கூடாது. கட்டட வேலையிலும் சரக்கேற்றும் வேலையிலும் பகல் 12 முதல் 4 மணி வரை ஓய்வு விடுவதை, ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, கடற்கரை நகரங்களிலும் கட்டாயமாக்க வேண்டும். ஓய்வு நேரத்துக்குக் கூலியைப் பிடித்தால் எவரும் நிழலுக்கு ஒதுங்கமாட்டார்கள். 2010 மே மாத வெயிலில் பலரைப் பறிகொடுத்த ஆமதாபாத், 2013-ல் தன் ஊருக்கென்றே ஒரு திட்டம் வகுத்துக்கொண்டது நல்ல முன்மாதிரி.

ஊருக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மும்பையில் ஜூன் இரண்டாம் வாரம் மழை பிடித்துவிடும். சென்னைக்கு அந்த மழை எளிதில் எட்டாது. மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துக்கொள்வதால் அங்கே ஜூனிலும் வெயில் கொளுத்தும். வழியில் சோலாப்பூர், ராய்ச்சூர், குந்தக்கல் எல்லாம் வறண்ட சீமை. மும்பைப் புழுக்கத்துக்கு எடுத்த ஒரு பாட்டில் தண்ணீர் அங்கே அரை வேளைக்கும் காணாது. குழந்தைகளோடு பொதுப் பெட்டியில் நெருக்கியடித்துச் செல்பவர்களால் இறங்கிக் குழாயைத் தேடி ஓட முடியாது. பள்ளி விடுமுறை முடியும்வரை இந்த நிலையங்களில் பொதுப் பெட்டி வந்து நிற்கும் இடத்திலேயே குடிநீர் கிடைக்க ரயில்வே ஏற்பாடு செய்ய வேண்டும்.