மீட்டுப் பார்த்தீர்களா?

“எங்களிடம் பேக்கப் இருக்கிறது.” உயர்கல்வி நிறுவனங்களின் கணினி மையங்களில் எளிதாகக் கிடைக்கும் பதில் இது. என் கேள்வி ஒன்றே: அதிலிருந்து தரவுத்தளத்தைக் கடைசியாக மீட்டுப் பார்த்தது எப்போது?

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணை சர்வர் என்று எண்ணி முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளை அழித்துவிட்டார். தினமும் சேமிக்கப்படுவதாக நம்பியிருந்த காப்புப் பிரதிகளைத் தேடினார்கள், இல்லை. பிரதியெடுக்கும் மென்பொருளின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாததால் அப்பணி தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரைச் சேரவில்லை. சுமார் 6 மணி நேரம் முன்பு வேறொரு தேவைக்காக எடுத்த நகல்தான் கைகொடுத்தது. ஒரே ஒரு மீட்பு ஒத்திகை நடந்திருந்தால் இக்குறை முன்பே வெளிப்பட்டிருக்கும்.

நம் நாட்டிலும் பாடம் உண்டு. 2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையில் வணிகம் மணிக்கணக்கில் நின்றது. மாற்று மையம் இருந்தும் வணிகம் அங்கே மாற்றப்படவில்லை. 2024 மார்ச் 2, சனிக்கிழமையன்று சிறப்பு அமர்வு கூட்டி, உண்மையான வணிகத்தையே இடையில் மாற்று மையத்துக்குக் கொண்டுசென்று சோதித்தார்கள். பங்குச் சந்தைக்கு இயன்றது பல்கலைக்கழகத்துக்கு ஏன் இயலாது?

“ஓடுகிற சர்வரை வேண்டுமென்றே வீழ்த்துவதா?” என்பார்கள். முதலில் நகல் ஒன்றில் தொடங்குங்கள்: தரவுத்தளச் செயல்பாட்டைத் திடீரென நிறுத்துங்கள், வலையமைப்பைத் துண்டியுங்கள், வட்டை நிரப்புங்கள். வீழ்ச்சி எப்படியும் ஒருநாள் வரும். ஆட்கள் அருகிலிருக்கும் பகல்பொழுதில், நாம் குறித்த நாளில் வரட்டுமே. “இரண்டாவது சர்வர் இருக்கிறதே” என்பதும் ஆறுதலாகாது. தவறான அழிப்புக் கட்டளை சில நொடிகளில் அதையும் சென்றடைந்துவிடும்.

ஆகவே என் கோரிக்கை இது. ஒவ்வொரு பருவத்திலும் ஒருமுறை, அன்றாடம் சர்வரைப் பார்த்துக்கொள்ளாத ஒருவர், எழுதிவைத்த வழிமுறையை மட்டும் துணையாகக் கொண்டு, வெற்றுக் கணினியில் தரவுத்தளத்தை மீட்டெடுக்கட்டும். எவ்வளவு நேரம் ஆயிற்று, எவ்வளவு தரவு போயிற்று என்ற இரண்டு எண்களை நிறுவனம் வெளியிடட்டும்.

அவ்விரு எண்களைச் சொல்ல முடியாத நிறுவனத்திடம்தான் மாணவரின் மதிப்பெண்ணும் ஆய்வாளரின் பல்லாண்டுக் களத்தரவும் இருக்கின்றன. அவை தொலைந்தால் மறுதேர்வு எழுதப்போவதும் மீண்டும் களத்துக்குப் போகப்போவதும் கணினி மையம் அன்று.