வீட்டு நாய் தொழிலில் பங்குதாரரா?

அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கோ வெடி ஆபீசுக்கோ கிளம்பினால் பிள்ளையை விட ஒரு வீடு வேண்டும். மல்லாங்கிணற்றில் அப்படி நாலு பிள்ளைகளைக் காசு வாங்கிப் பார்த்துக்கொள்ளும் ஒரு அக்கா, வீட்டு நாயின் தீனி, ஊசிச் செலவைத் தொழில் செலவாகக் காட்டலாமா?

காட்ட முடியாது. காட்டவும் கூடாது. 1961-ஆம் வருட வருமான வரிச் சட்டத்தின் 37(1) பிரிவு, முழுக்க முழுக்கத் தொழிலுக்காகச் செய்த செலவை மட்டுமே ஏற்றது; சொந்தச் செலவுக்கு இடமில்லை. 2026 ஏப்ரலில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அதே கதைதான். பிள்ளைகள் வரும் முன்பே வாலாட்டிக்கொண்டிருந்த நாய் எப்படித் தொழில் செலவாகும்? பிள்ளைகளுக்கென்றே மீன் தொட்டி வாங்கி வைத்திருந்தால் வாதாடிப் பார்க்கலாம். (தொழிலுக்கு உழைத்த வண்டி மாடு செத்தால் அந்த நஷ்டத்தைக் கழிக்கப் பழைய சட்டத்தின் 36-ஆம் பிரிவில் வழி இருந்தது!)

ரேபீஸ் ஊசி மட்டும் தவறவே கூடாது. வரிக்காக அல்ல, பிள்ளைகளுக்காக.

நாலு பிள்ளை வருமானத்துக்கு வரியே வராது என்பது வேறு விஷயம். அதனாலேயே யாரும் கணக்கு எழுதுவதில்லை. நாயை விடுங்கள்... பால், பிஸ்கட், சோப்பு, கரண்டு எல்லாம் நிஜமான தொழில் செலவு. அதை நோட்டில் எழுதாததால்தான், "சும்மா வீட்டுலதானக்கா இருக்கீங்க" என்று மாசாமாசம் பேரம் பேசுகிறார்கள்.